பெயர் என்ற கட்டம்

வெள்ளி விழா மலருக்குச்
சங்கத்தின் வரலாறு நான்கு பக்கம் எழுதித் தா என்கிறார்கள்.
என்னிடம் இருப்பது
உப்பில் ஊதிப்போன ஒரு லாங் சைஸ் நோட்டு.

முதல் பக்கம் முழுக்கக் கணக்கு.
லாரி டியூப் மூன்று, மணலி டேங்கர் ஷெட்டில்
நாகூர் மீரான் பாய் சும்மா கொடுத்தது.
பஞ்சர் ஒட்டிய கூலி இருபத்தைந்து ரூபாய்.
நைலான் கயிறு நாற்பது பாகம்.
விசில் ஒன்று, ரெஃப்ரி தேசிங்கிடம் கடன்.
இன்னும் திருப்பித் தரவில்லை.

ஏன் தொடங்கினோம் என்று அதில் இல்லை.
செவ்வாய்க்கிழமை, கடைசிப் பரீட்சை முடிந்த மதியம்.
இங்க் தெளித்த சட்டையோடு இறங்கிய நான்கு பேரில்
இரண்டு பேர் ஏறினார்கள்.
நாங்கள் வலை பிரித்துக்கொண்டிருந்தோம்.
தூரத்தில் ஒரு கை உயர்ந்தது.
டில்லிபாபு பதிலுக்குக் கையசைத்தான்.
அதற்கப்புறம்
தன் பெண்ணைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றும்போதுகூட
அவன் டாட்டா காட்டியதில்லை.

பதிவு செய்யப் போன இடத்தில் கேட்டார்கள்,
உறுப்பினர்களுக்கு நீச்சல் தெரியும் என்பதற்குச் சான்றிதழ்?
"கடல்லதான் சார் வாங்கணும்" என்றார் எல்லப்பன் அண்ணன்.
நான்கு மாதம் அலைந்தோம்.
கடைசியில் பெரியமேட்டுக் குளத்தில்
ஒன்பது பேரும் வரிசையாக நீந்திக் காட்டினோம்.
பாதியில் அண்ணன் திணறிப்போனார்.
அலையே இல்லையேடா,
எதைப் பாத்து மூச்சு வாங்குறது?

ரோசலின் சேர்ந்த வருஷம் தகராறு.
ஆம்பளை முடியைப் பிடித்து
ஒரு பொம்பளை இழுத்து வருவதா என்று கூட்டம் கூடியது.
"மூழ்குறவன் சொல்லட்டும், விட்டுடறேன்" என்றாள்.
அந்தக் காணும் பொங்கலில் மட்டும் ஆறு பேர்.
யாரும் சொல்லவில்லை.

கொட்டகை மூன்று முறை இடம் மாறியிருக்கிறது,
நாங்கள் மாற்றவில்லை.
முதல் கொட்டகை நின்ற இடத்தின்மேல்
இப்போது ஃபைபர் படகு போகிறது.
பிறகு லாரி லாரியாகக் கல் கொட்டினார்கள்.
மணலில் ஓடிய கால்களுக்குப்
பாசியில் நடக்கக் கற்றுக்கொடுத்தோம்.
முட்டி பேர்ந்த கணக்கு தனி நோட்டில்.

தெண்டி ஓடினால் எதிர்த்து அடிக்காதே,
கூடவே போ, அது களைத்த இடத்தில் விலகு.
கழுத்தை மட்டும் கொடுக்காதே.
இவ்வளவுதான் எங்கள் பாடத்திட்டம்.

தேதி, நேரம், வெள்ளம், எத்தனை ஆள், பெயர்:
நானே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன்.
முதல் நான்கு கட்டமும் நிரம்பி வழிகின்றன.
பெயர்தான் இல்லை.
ஏறியவன் இருமுகிறான், வாந்தி எடுக்கிறான்,
வீட்டுக்குச் சொல்லிடாதீங்கண்ணா என்கிறான்,
பேனாவைத் தேடித் திரும்பினால் ஆளைக் காணோம்.
நீல டிரவுசர் என்று எழுதியிருக்கிறேன்.
விக்கி விக்கிச் சிரித்தவன்.
மோதிரத்தையும் எடுத்துத் தரச் சொன்னவர்.

முழுப் பெயர், தகப்பன் பெயர், கதவு எண், தெரு
எல்லாம் உள்ளது பதினேழு வரிகளில் மட்டும்.
ஏட்டையா சொல்லச் சொல்ல
கை நடுங்காமல் எழுதியவை.

காப்பாற்றப்பட்டவர்கள் பட்டியல் ஒன்று மலருக்கு வேண்டும்,
அமைச்சர் வருகிறார் என்கிறார் தலைவர்.

போன வாரம் தேரடியில் ஏறிய ஷேர் ஆட்டோவில்
டிரைவர் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.
இறங்கும்போது காசு வாங்கவில்லை.
ஏம்பா?
சும்மாண்ணா.
நான் அடுத்தது கேட்பதற்குள் கிளம்பிவிட்டான்.

நோட்டைப் பிரித்து
எந்த வரிக்கு நேராக எழுதுவது என்று தெரியாமல்
வண்டி எண்ணை மட்டும் அட்டையில் குறித்தேன்.
கடைசி இரண்டு இலக்கம்
தப்பாக இருக்கலாம்.